மூக்கும் முகூர்த்தமும்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். குலசேகரம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு 24 வயது. திருவனந்தபுரத்தில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, கார்த்திகையில் முகூர்த்தம். நிச்சயத்துக்கு வந்த மாப்பிள்ளையின் அக்கா, "போட்டோவில மூக்கு கொஞ்சம் பரந்து தெரியுது, இப்பெல்லாம் ஒரே நாளில சரி பண்ணிடலாமே" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றிலிருந்து மகளுக்கு இதே பேச்சு. பள்ளிக்கூடத்தில் "சப்பை மூக்கி" என்று கூப்பிடுவார்களாம், அப்போதிருந்தே இந்த ஆசை உண்டாம். ஒரு கிளினிக்கில் விசாரித்திருக்கிறாள். மூக்குக்கும் நிறம் கூட்டும் ட்ரிப்புக்கும் சேர்த்து 1,40,000 ரூபாய். தவணையில் கட்டலாம். முன்னும் பின்னும் எடுக்கும் படங்களை இன்ஸ்டாகிராமில் போடச் சம்மதித்தால் 20,000 குறைப்பார்களாம். இந்த மாதத்துக்குள் பணம் கட்ட வேண்டுமாம். பியூட்டி பார்லரில் வாங்கிய ஒரு டப்பா கிரீமும் பூசுகிறாள். அவள் அப்பா மஸ்கட்டில் இருக்கிறார், அவருக்கு இன்னும் சொல்லவில்லை. என் அம்மா, "பகவதி தந்த முகத்தில கத்தி வைக்கலாமா" என்று அழுகிறார். இது ஆபத்தா? தப்பா? அவளுடையது என் மூக்குதான், டாக்டர்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த மாதம் அந்தக் கிளினிக்கில் பணம் கட்ட வேண்டாம். அட்வான்ஸ்கூட வேண்டாம். மூக்கைத் திருத்திக்கொள்வது நல்லதா கெட்டதா என்பதை அப்புறம் பேசலாம். கார்த்திகைக் கல்யாணத்துக்கு முன்னால் அது நடக்கக் கூடாது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த அக்கா "ஒரே நாளில்" என்று சொன்னதில் பாதிதான் உண்மை. அறுவை சிகிச்சை இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும், மறுநாள் வீட்டுக்கும் போய்விடலாம். ஆனால் மூக்கு ஆறுவதற்கு அதற்கென்று ஒரு காலம் உண்டு. முதல் வாரம் மூக்கின் மேல் அச்சு வைத்துக் கட்டியிருப்போம். எலும்பைத் தொட்டு வேலை செய்திருந்தால் கண்ணுக்குக் கீழே நீலம் பாய்ந்து பத்துப் பதினைந்து நாள் நிற்கும். மூன்று நான்கு வாரத்தில் வீக்கத்தின் பெரும்பகுதி வடிந்து, நாலு பேர் முன்னால் போகிற மாதிரி முகம் வந்துவிடும். மீதி வீக்கம், அதிலும் மூக்கு நுனியில் தங்குவது, முழுக்க வடிந்து உண்மையான வடிவம் தெரிய ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். நம் ஊரில் பலருக்கு நுனித் தோல் தடித்திருக்கும். அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடும். இன்றே செய்தாலும் உங்கள் மகள் மணமேடையில் உட்காரும்போது அவள் முகத்தில் இருக்கப்போவது வீக்கம் வடியாத, பாதி வழியில் நிற்கும் மூக்கு. ஆல்பத்தில் காலமெல்லாம் இருக்கப்போவதும் அதுதான். கல்யாணத்துக்கு மூக்குத்தி குத்தும் எண்ணம் இருந்தால் அதையும் தள்ளிவைக்க வேண்டிவரும்.

இதைப் புத்தகத்தில் படித்துவிட்டு மட்டும் சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன்பு, கல்யாணத்துக்கு ஐந்து வாரமே இருந்த ஒரு பெண்ணுக்கு நான் மூக்குச் சிகிச்சை செய்தேன். அவள் கெஞ்சினாள், வீட்டார் எல்லாரும் சேர்ந்து கேட்டார்கள். எனக்கும் அப்போது என் கைமேல் அளவுக்கு அதிகமான நம்பிக்கை. சிகிச்சையில் பிழை ஏதும் இல்லை. ஆனாலும் கல்யாணத்தன்று நுனி வீங்கி, ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து தெரிந்திருக்கிறது. அன்று முழுக்க அவள் கைக்குட்டையால் மூக்கை மறைத்துக்கொண்டே நின்றாள் என்று அவள் அம்மா வந்து சொன்னார். எட்டு மாதத்தில் மூக்கு அழகாகவே படிந்துவிட்டது. ஆனால் அந்த ஒரு நாளை நான் அவளுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாதே. அன்று நான் மறுத்திருக்க வேண்டும். அதன் பிறகு முகூர்த்தத் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு நான் கத்தி எடுப்பதில்லை.

சரி, ஆபத்தா என்று கேட்டீர்கள். ஆரோக்கியமான 24 வயதுப் பெண்ணுக்கு, முறையாகப் படித்த மருத்துவரும், கூடவே இருந்து கவனிக்கும் மயக்க மருந்து நிபுணரும், அவசரத்துக்குத் தீவிர சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரியும் அமைந்தால் உயிராபத்து மிக அரிது. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் கதை மாறிவிடும். 2016-ல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவர் தலையில் முடி நடவு செய்யப் போய் உயிரிழந்தார். 2022 மே மாதம் பெங்களூரில் 21 வயதான ஒரு சின்னத்திரை நடிகை கொழுப்பு நீக்கும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இறந்துபோனார். வியாதியைத் தீர்த்துக்கொள்ளப் போனவர்கள் இல்லை இவர்கள். நல்ல உடம்போடு தாங்களே நடந்து உள்ளே போனவர்கள். என் துறையில் இதைவிடப் பெரிய துக்கம் எனக்குத் தெரியாது.

மூக்கில் அதிகம் நடப்பது வேறு மாதிரியான சிக்கல்கள். இரண்டு பக்கமும் சமமாக அமையாமல் போகலாம். நுனி மாதக்கணக்கில் மரத்திருக்கலாம். உள்ளே வழி குறுகி, ராத்திரி படுத்தால் மூச்சு விடச் சிரமமாகலாம். நடுச்சுவரில் ஓட்டை விழுந்தால் மூச்சு விடும்போது சீட்டி அடிக்கிற மாதிரி சத்தம் வரும். நூற்றுக்கு 5 முதல் 15 பேர் வரை மறுபடியும் ஒரு சிகிச்சைக்கு வருகிறார்கள் என்பது எங்கள் துறையில் பொதுவாக ஒப்புக்கொள்ளப்படுகிற கணக்கு. இந்த மறு சிகிச்சைதான் கஷ்டமானது. நீங்கள் குலசேகரத்துக்காரர், ரப்பர் மரத்தில் பால்வெட்டு நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெட்டுகிறவர் பட்டையை எத்தனை பதமாகச் சீவுவார்! கொஞ்சம் ஆழமாகப் போய் உள்மரத்தில் காயம் பட்டுவிட்டால், அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். அடுத்த முறை அங்கே கத்தி சரியாக ஓடாது. ஒருமுறை அறுத்த மூக்கும் உள்ளே இப்படித்தான் இருக்கும். முதல் தடவையே குருத்தெலும்பை எடுத்துப் பயன்படுத்திவிட்டால், அடுத்த தடவைக்குக் காதிலிருந்தோ விலாவிலிருந்தோ எடுக்க வேண்டியிருக்கும்.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று. கிளினிக் சொன்ன விலை உங்கள் கடிதத்தில் இருக்கிறது. என்ன செய்யப்போகிறார்கள் என்பது இல்லை. "பரந்த மூக்கு" என்பதில் பல விதம் உண்டு. நாசித் துவாரத்தின் ஓரம் மட்டும் அகலமாக இருந்தால், அந்த ஓரத்தில் சிறு துண்டு எடுத்துத் தைப்பது சின்ன வேலை, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே முடித்துவிடலாம். மூக்குத் தண்டு தாழ்ந்திருந்து அதை உயர்த்த வேண்டுமென்றால், குருத்தெலும்பை எடுத்து வைக்க வேண்டும். செலவும் நேரமும் குறையும் என்று சிலிக்கான் துண்டை வைப்பவர்களும் உண்டு. அது வருடங்கள் கழித்துக்கூடச் சீழ் பிடிக்கலாம், தோலை அரித்துக்கொண்டு வெளியே வரலாம். உங்கள் மகளுக்கு இதில் எது? அதைச் சொல்லாமல் விலையை மட்டும் சொல்லும் இடத்தில் முகத்தைக் கொடுக்கக் கூடாது.

தேதி போதாது என்று தெரிந்ததும், "அப்போ ஊசியிலேயே மூக்கை எடுப்பாக்கிடலாம், பதினைந்து நிமிஷம்தான்" என்று யாராவது சொல்லுவார்கள். ஃபில்லர் என்கிற ஊசி அது. ஒன்றை யோசித்துப் பாருங்கள்: ஊசியால் எதையாவது சேர்க்கத்தான் முடியும், குறைக்க முடியாது. மூக்கின் ரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு தொடர்புள்ளவை. ஃபில்லர் தப்பித் தவறி ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் மூக்குத் தோல் கறுத்து அழுகலாம், அரிதாகப் பார்வையே போகலாம். முகத்தில் இந்த ஊசிக்கு மிக அபாயமான இடங்களில் மூக்கும் ஒன்று. பார்லர் நாற்காலியில் உட்கார்ந்து போட்டுக்கொள்ளும் விஷயமே இல்லை.

நிறம் கூட்டும் ட்ரிப்பை நான் நேராகவே மறுக்கிறேன். பெரும்பாலும் குளூட்டாதயோன் என்ற மருந்தைத்தான் ஏற்றுகிறார்கள். அது நிலையாக நிறத்தை மாற்றும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. நரம்பில் ஏற்றும்போது ஒவ்வாமை அதிர்ச்சி வரலாம். ஈரல், சிறுநீரகம் பாதிக்கலாம். பிலிப்பைன்ஸில் இந்த மோகம் நமக்கு முன்பே பரவி, அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே மக்களை எச்சரிக்க வேண்டி வந்தது.

அந்த டப்பா கிரீம்தான் இதைவிட எனக்குக் கவலை. 2023-ல் பக்கத்து மாநிலத்தில், மலப்புரம் மாவட்டத்தில், கால் வீங்கி, சிறுநீரில் புரதம் போய் வந்த சில நோயாளிகளை மருத்துவர்கள் துருவிக் கேட்டபோது, அவர்கள் பூசிய சிவப்பழகு கிரீம்தான் காரணம் என்று தெரிந்தது. அதில் பாதரசம் கலந்திருந்தது. தோலில் பூசியது சிறுநீரகத்தைத் தாக்கியிருந்தது. பாதரசம் இல்லாத டப்பாவாக இருந்தாலும், வீரியமான ஸ்டீராய்டு கலந்திருப்பது சகஜம். முதல் மாதம் முகம் பளபளக்கும், அப்புறம் தோல் மெலிந்து, ரத்த நரம்பு தெரிந்து, பரு வெடித்து, வெயிலில் நின்றாலே எரியும். இன்றே பூசுவதை நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்திய சில நாளில் முகம் சிவந்து எரிந்தால் பயந்து மறுபடி பூச வேண்டாம், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துவிடுங்கள், செலவு கொஞ்சம்தான்.

இனி "தப்பா" என்ற கேள்வி. இதற்குக் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

என் ஆச்சியின் காது தோளைத் தொடும். பாம்படம் போட்டு வளர்த்த காது. கைக்குழந்தையாக இருக்கும்போதே குத்தி, ஓலைச் சுருளைச் செருகித் துளையைப் பெரிதாக்கி, குணுக்கு மாட்டி இழுத்து வளர்ப்பார்கள். புண்ணாகும், சீழ் வரும், பிள்ளை ராத்திரி முழுக்க அழும். காது வளர்க்காத பெண்ணை "மூளிக்காதி" என்பார்கள், மாப்பிள்ளை கிடைக்காது என்பார்கள். அதே ஆச்சியின் கடைசி மகள், என் சித்தி, பள்ளிக்கூடம் போகிற வயதில், வளர்ந்த காது பட்டிக்காட்டு அடையாளமாகிவிட்டது. சித்தியின் காதை அறுத்துத் தைத்தார்கள். அதற்கும் காரணம் கல்யாணம்தான். ஆச்சிக்குக் கல்யாணத்துக்காக வளர்த்தார்கள், சித்திக்குக் கல்யாணத்துக்காக வெட்டினார்கள். நடுவில் ஓடியது முப்பது வருடம்கூட இருக்காது. இரண்டு பேரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் இந்தத் துறையை எடுத்துப் படித்ததற்குச் சித்தியின் காதில் இருந்த அந்தத் தழும்பும் ஒரு காரணம்.

அதனால் உங்கள் அம்மாவின் கண்ணீரை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் முகத்தில் கத்தி படுவதே பாவம் என்று நான் நினைக்கவில்லை. குமரிப் பகவதியின் மூக்குத்தி ஒளி நடுக்கடல் வரை தெரியும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மூக்குத்தி போடவும் மூக்கைக் குத்தத்தானே வேண்டும்? என்னிடம் வந்த ஒரு பையன், கல்லூரி மாணவன், வீட்டார் சுசீந்திரம் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் தலைவலி என்று சொல்லி வெளியிலேயே நின்றுவிடுவான். சட்டையைக் கழற்றாமல் ஆண்கள் உள்ளே போக முடியாது, அவனுக்கோ மார்பு பெண்களுக்குப் போலப் பெருத்திருந்தது. பல வருடமாக அவன் அப்பாவுக்குக்கூடக் காரணம் தெரியாது. சிகிச்சை முடிந்து மூன்றாம் மாதம் தாணுமாலயன் சந்நிதியில் நின்று கும்பிட்டுவிட்டு, பிரசாதத்தோடு நேராக என் அறைக்கு வந்தான். அவன் செய்ததை வீண் ஆசை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே போவேன்.

மூக்கு அறுவைக்கும் நம் நாட்டில் நீண்ட சரித்திரம் உண்டு. அறுபட்ட மூக்கைத் தோல் கொண்டு திரும்பக் கட்டும் முறை சுசுருத சம்ஹிதையிலேயே இருக்கிறது. 1794-ல் லண்டனில் வெளியான ஒரு பத்திரிகையில், ஆங்கிலேயப் படையில் மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவரின் கதை படத்தோடு வந்தது. போரில் சிறைபிடிக்கப்பட்டு மூக்கு அறுக்கப்பட்ட அவருக்கு, புனா பக்கத்தில் நம்மவர் ஒருவர் நெற்றித் தோலை இறக்கிப் புது மூக்கு அமைத்துக் கொடுத்திருந்தார். அதைப் படித்துத்தான் இங்கிலாந்து மருத்துவர்கள் இந்த முறையைச் செய்து பார்த்தார்கள். மூக்கை அறுப்பது அந்தக் காலத்தில் ஒரு ஆளை ஊருக்கு முன்னால் அவமானப்படுத்தக் கொடுத்த தண்டனை. "மூக்கறுபட்டான்" என்று நாம் இன்றும் சொல்வது அதைத்தான். போன மானத்தைத் திருப்பிக் கொடுக்கப் பிறந்த வேலை எங்களுடையது.

அதனால்தான் உங்கள் கடிதம் எனக்கு வலித்தது. உங்கள் மகளின் மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. நிச்சயத்துக்கு வந்த வீட்டில், எல்லாரும் கேட்க, ஒருவர் வாயால் அறுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் காயத்துக்கு என் கத்தி மருந்தாகாது.

ஆனால் பள்ளிக்கூட நாளிலிருந்தே இந்த ஆசை உண்டு என்று அவள் சொல்வதையும் நாம் தள்ளிவிடக் கூடாது. அது அவளுடைய சொந்த ஆசையாக இருக்கலாம், யாரோ வைத்த பட்டப்பெயரின் வடுவாக இருக்கலாம், இரண்டும் கலந்தும் இருக்கலாம். கடிதத்தை வைத்து இதைப் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. நேரில் கேட்டால் கொஞ்சம் தெரியும். என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "இந்த மூக்கால் நீ எதைச் செய்யாமல் விட்டாய்?" என்பதுதான். "பக்கவாட்டில் பார்க்கும்போது பிடிக்கவில்லை, மற்றபடி ஒன்றுமில்லை" என்கிறவர்கள் பெரும்பாலும் சிகிச்சைக்குப் பின் திருப்தியாக இருக்கிறார்கள். "மூக்கு சரியானால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம். மணிக்கணக்கில் கண்ணாடி முன் நிற்பது, யாரோடு பேசினாலும் கையால் மூக்கை மறைப்பது, விசேஷங்களுக்குப் போகாமல் ஒதுங்குவது, தினமும் பத்துத் தடவை "அம்மா, அசிங்கமா இருக்கா" என்று கேட்பது, இவையெல்லாம் இருந்தால் அது பாடி டிஸ்மார்ஃபிக் டிஸ்ஆர்டர் என்ற மனநலப் பிரச்சினையாக இருக்கலாம். மூக்கை எத்தனை முறை திருத்தினாலும் அது தீராது, இன்னொரு இடத்துக்குத் தாவும். மனநல மருத்துவரால் அதைக் குணப்படுத்த முடியும். உங்கள் மகளுக்கு இது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. கூடவே இருக்கும் நீங்கள் கவனித்துப் பாருங்கள் என்கிறேன்.

செல்பி விஷயத்தையும் அவளிடம் சொல்லுங்கள். முகத்துக்கு ஒரு அடி தூரத்தில் போனை வைத்துப் படம் எடுத்தால், ஐந்தடி தூரத்தில் எடுத்ததைவிட மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-ல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்குப் போட்டு வெளியிட்டார்கள். அந்த அக்கா குறை கண்டதும் போட்டோவில்தான். வீட்டு முற்றத்தில், காலை வெளிச்சத்தில், ஐந்தாறு அடி தள்ளி நின்று யாரையாவது எடுக்கச் சொல்லி அவளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்ஸ்டாகிராமுக்குப் படம் கொடுத்தால் 20,000 குறைப்பு என்கிறார்களே, அதற்கு எந்தக் காரணத்தைக் கொண்டும் சம்மதிக்க வேண்டாம். உங்கள் மகளின் முகத்தை விளம்பரப் பலகையாக வாடகைக்குக் கேட்கிறார்கள். மார்த்தாண்டம், தக்கலை, குலசேகரம் என்று நம் மாவட்டமே உள்ளங்கை அளவுதான், ஒரே நாளில் அந்தப் படம் சொந்தக்காரர் போன்களுக்கெல்லாம் வந்துவிடும். அப்புறம் அழித்தாலும் அழியாது. மருத்துவர்கள் விளம்பரம் செய்து நோயாளிகளை இழுக்கக் கூடாது என்று 2002-ல் வந்த மருத்துவ நெறிமுறை விதிகளே சொல்கின்றன. "இந்த மாதம் மட்டும்" என்று சொல்லி விற்க இது தீபாவளித் துணி இல்லை. யோசிக்க நேரம் கொடுக்காத மருத்துவரிடம் யாரும் போகக் கூடாது. அது நானாக இருந்தாலும்தான்.

யார் செய்கிறார்கள் என்று கேளுங்கள், பெயரைக் கேளுங்கள். எம்.பி.பி.எஸ்., அதன் பிறகு எம்.எஸ்., அதற்கும் மேல் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். என்று படித்து வருகிறவர்கள் நாங்கள். காது மூக்கு தொண்டை மருத்துவர்களிலும் மூக்கு அழகு சிகிச்சையில் நல்ல பயிற்சி உள்ளவர்கள் உண்டு. "காஸ்மெட்டாலஜிஸ்ட்" என்ற பலகையை மட்டும் நம்ப வேண்டாம். சில வாரப் பயிற்சி முடித்தவர்களும் அதே பெயரை மாட்டிக்கொள்கிறார்கள். பயிலரங்கிலும் யூடியூபிலும் பார்த்துக் கற்றுக்கொண்டு முடி நடவு செய்யக் கூடாது என்று 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் எழுத்தில் சொல்ல வேண்டிய நிலை வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவரின் பதிவு எண்ணை வாங்கி மருத்துவ கவுன்சிலில் சரிபார்க்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பணக் கணக்கையும் எழுதி வாங்குங்கள். பிறவிக் குறைக்கும் விபத்துக்கும் செய்யும் சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அழகுக்குச் செய்தால் உண்டு. மருத்துவக் காப்பீடும் அழகு சிகிச்சைக்குப் பணம் தராது. சிக்கலாகி மறு சிகிச்சை வேண்டிவந்தால் அந்தச் செலவு யாருடையது என்பதையும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். கடன் வாங்கி இதைச் செய்யவே வேண்டாம்.

அவள் அப்பாவிடம் சொல்லுங்கள். அனுமதி கேட்பதற்காக இல்லை, மகளுக்கு 24 வயது, சொந்தச் சம்பளம், முடிவு அவளுடையதுதான். ஆனால் மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் ஒரு சிகிச்சையை வெளிநாட்டில் இருக்கும் தகப்பனுக்கு மறைத்துச் செய்யும் பாரத்தை நீங்கள் ஒருத்தியாகச் சுமக்க வேண்டாம். அதைவிட முக்கியமாக, மகள் மாப்பிள்ளையிடம் பேச வேண்டும். அக்கா சொன்னது அவருக்குத் தெரியுமா, அவர் என்ன நினைக்கிறார் என்று நேராகக் கேட்கட்டும். "எனக்கு உன் மூக்கு இப்படியே போதும்" என்பாரானால் பாதிப் பாரம் இறங்கிவிடும். "அக்கா சொன்னபடி செஞ்சிடேன்" என்பாரானால், நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேச வேண்டியது மூக்கைப் பற்றி இருக்காது.

கடைசி வரியில் "அவளுடையது என் மூக்குதான்" என்று எழுதியிருந்தீர்கள். மகளைக் கூட்டிக்கொண்டு வருகிற அம்மாக்களை நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். மகள் தன் மூக்கின் குறையை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருக்கும் அம்மாவின் கை அறியாமலே தன் மூக்கைத் தொடும். அவள் உங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை, தங்கச்சி. அவளுக்கு அது தோன்றியே இருக்காது. ஆனால் அவளிடம் இதை நீங்கள் சொல்லலாம். உங்களை யாராவது அப்படிக் கூப்பிட்டிருந்தால், கல்யாணத்தின்போது உங்களுக்கும் யாராவது ஏதாவது சொல்லியிருந்தால், அதையும் சொல்லுங்கள். இத்தனை வருடம் அந்த மூக்கோடு நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பது அவளுக்குத் தெரியாது. ஒரு நாள் ராத்திரி இரண்டு பேரும் படுத்துக்கொண்டு பேசுங்கள். அவள் மனசை மாற்றுவதற்காக என்று வைத்துக்கொள்ள வேண்டாம்.

கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும். அடுத்த கார்த்திகை வந்தும் அவளுக்கு இதே ஆசை இருந்தால், யாருடைய பேச்சும் காரணமாக இல்லாமல் இருந்தால், அதில் தப்பு ஒன்றும் இல்லை, தாராளமாகச் செய்துகொள்ளலாம். வேலை திருவனந்தபுரத்தில்தானே, அங்கே அரசு மருத்துவக் கல்லூரியில் பிளாஸ்டிக் சர்ஜரி துறை இருக்கிறது. அவள் சரி என்பதாலோ வேண்டாம் என்பதாலோ லாபமும் நஷ்டமும் இல்லாத மருத்துவர்களிடம் ஒரு கருத்துக் கேட்டுக்கொள்ளலாம். என்னிடம் வருவதாக இருந்தாலும் வாருங்கள். முதல் அரை மணி நேரம் அவள் மட்டும் உள்ளே இருக்கட்டும், நீங்கள் வெளியே உட்கார்ந்திருங்கள். ஃபில்டர் போடாத படம் இரண்டு மூன்றும், அந்தக் கிளினிக் கொடுத்த தாள் ஏதாவது இருந்தால் அதுவும் வேண்டும். கிரீம் டப்பாவைத் தூக்கி எறிந்துவிடாமல் கையோடு எடுத்து வாருங்கள், அதில் என்ன அச்சடித்திருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.